யாழ்ப்பாணப் பொது நூல்நிலையமும் ஈகை மரபும்

யாழ்ப்பாணத்துச் சமூக வரலாற்றை ஆராய்வோர் தனவந்தரின் அறக்கொடைகளைக் கோயில் உறுதிகளிலும் கல்லூரி மண்டபங்களின் பெயர்க்கற்களிலும் எளிதிற் காண்பர். சிறுதொகை கொடுத்தோரின் வரலாறு அவ்வாறு பொறிக்கப்படுவதில்லை. இக்குறையை ஓரளவு நீக்குஞ் சான்றாக யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் விளங்குகின்றது. அதுபற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 1981 ஆம் ஆண்டுத் தீயிலிருந்தே தொடங்குவர். ஈண்டு அஃது எவருடைய கொடையால் உருவாயிற்று என்பதிலிருந்து தொடங்குதல் பொருந்தும். எரிந்தது யாருடைய பொருள் என்னும் வினாவுக்கு விடை அங்கேயே உண்டு.

கோயில், மடம், தண்ணீர்ப்பந்தல், கேணி என்பனவே நெடுங்காலம் இங்கு அறத்தின் வடிவங்களாக இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்வியும் அவற்றோடு சேர்ந்தது. 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவினர். 1848 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கினார். இவற்றின் பயன் பெரிது. ஆயினும் இவ்வகைக் கொடைகளுட் பெரும்பாலானவை ஒரு சமயத்தாரை அல்லது ஓர் ஊரவரை நோக்கியனவாகவே அமைந்தன. கிணற்றடியிலும் பாடசாலை வாங்கிலும் சாதி பார்த்த ஒரு சமூகத்திலே, எவரும் உள்ளே வந்து அமர்ந்து வாசிக்கலாம் என்னும் அறை ஒரு புதிய எண்ணமாகும்.

அவ்வெண்ணத்தை முன்வைத்தவர் பெருநிலக்கிழார் அல்லர். நீதிமன்ற உத்தியோகத்தரான க. மு. செல்லப்பா என்பவர். 1933 இல் அவர் தமது இல்லத்திலிருந்து நூல்களை இரவல் வழங்கலானார். இலவசத் தமிழ் நூல்நிலையமொன்றுக்கு உதவுமாறு பொதுமக்களுக்கு வேண்டுகோளும் விடுத்தார். 1934 யூன் மாதம் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் கூடிய கூட்டத்தில், நீதிபதி சி. குமாரசுவாமி தலைவராகவும் செல்லப்பா செயலாளராகவும் ஒரு குழு அமைந்தது. அவ்வாண்டு ஓகஸ்ற் முதலாந் திகதி ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில், 844 நூல்களோடும் முப்பது வரையிலான செய்தித்தாள்கள், சஞ்சிகைகளோடும் கதவு திறக்கப்பட்டது.

இதன்பின் நிகழ்ந்ததே வரலாற்று மாணவனின் கவனத்துக்குரியது. 1935 சனவரி முதலாந் திகதி, அதாவது ஐந்து மாதங்களுள், குழுவினர் நூல்நிலையத்தை நகரசபையிடம் ஒப்படைத்தனர். சங்கம் அமைத்து, நிருவாகத் தெரிவிற் பிணக்குற்று, அதனை இரண்டாக்குவதில் நம்மவர் வல்லுநர் என்பதை அறிந்தோர்க்கு இச்செய்கையின் அருமை புலப்படும். கொடை, பெறுபவனைக் கொடுத்தவனுக்குக் கடமைப்பட்டவன் ஆக்குவது. சபையின் உடைமையான நூல்நிலையத்தினுள் நுழைபவனோ எவருக்கும் நன்றி கூற வேண்டியவன் அல்லன். அவன் தன் உரிமையைப் பயன்படுத்துகின்றான். அறம் உரிமையாக மாறிய இந்நிகழ்ச்சியை, பின்னர் எழுந்த கட்டடத்தினும் பெரியதாகவே கருதவேண்டும்.

கட்டடத்தின் கதையும் சுவையானதே. 1950களின் முற்பகுதியில் முதல்வர் சாம் சபாபதியும் லோங் அடிகளும் முன்னின்று உழைத்தனர். களியாட்ட விழாக்களும் அதிட்டலாபச் சீட்டுகளும் நிதி திரட்டின. சீட்டு வாங்கியவன் பரிசை எண்ணினானா, நூல்நிலையத்தை எண்ணினானா என்று கேட்பது வீண், பணம் செங்கல்லாயிற்று. நூலகவியல் அறிஞர் இரங்கநாதன் ஆலோசனை வழங்க, சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்த திராவிடப் பாணிக் கட்டடம் 1959 இல் முதல்வர் அல்பிரட் துரையப்பாவினால் திறந்துவைக்கப்பட்டது. கத்தோலிக்கரான லோங் அடிகள் பாடுபட்ட நூல்நிலையத்தின் முகப்பிற் கலைமகள் வீற்றிருந்தாள். ஆனந்த குமாரசுவாமி, ஐசாக் தம்பையா, சி. வன்னியசிங்கம் முதலியோரின் நூற்றொகுதிகளும் அங்குச் சேர்ந்தன.

1981 மே 31 இரவு தொடங்கிய தீ ஏறத்தாழ 97,000 நூல்களை அழித்தது. பொலிசாரும் அரசு சார்ந்த குண்டர்களும் அதற்குக் காரணர் என்பது பலராலும் பதிவுசெய்யப்பட்டுள்ளது. யாழ்ப்பாண வைபவமாலையின் ஒரேயொரு பிரதி அங்கே எரிந்ததெனச் சிலர் எழுதுவர். அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு பிறிற்றோவால் 1879 இலேயே வெளியிடப்பட்டது; தமிழ் மூலமும் அச்சேறியுள்ளது. உண்மையான இழப்பே பெரிது; மிகைப்படுத்தல் வேண்டா. அச்சு நூலை மற்றொருவர் தரலாம். கையெழுத்துச் சுவடியைத் தர எவராலும் இயலாது.

1982 இல் நூல்நிலைய வாரம் கொண்டாடப்பட்டபோது மக்கள் மீண்டும் ஆயிரக்கணக்கான நூல்களைக் கொடுத்தனர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் செல்லப்பா விடுத்த வேண்டுகோளுக்கு ஒரு தலைமுறை கழிந்து இரண்டாம் விடை கிடைத்தது எனலாம். 1985 இல் படையினர் வைத்த குண்டுகளால் அவற்றுட் பெரும்பகுதி சிதைந்தது.

1998 இல் அரசு ஒரு செங்கல்லும் ஒரு நூலும் எனும் இயக்கத்தைத் தொடக்கி நாடெங்கும் கொடை வேண்டிற்று. 25,000 இற்கு மேற்பட்ட நூல்கள் சேர்ந்தன. தெற்கிலிருந்து ஒரு நூலைக் கொடுத்தவரின் நல்லெண்ணத்தை ஐயுற நியாயமில்லை. ஆனால் 1934 இலும் 1982 இலும் கொடுத்தவரும் பெற்றவரும் ஒருவரே. இப்போது எரித்த அரசின் வாரிசான அரசே கொடையைத் திரட்டியது. கடனைத் திருப்புதலைக் கொடை என அழைக்கலாமா என்னும் கேள்வி எழுந்ததில் வியப்பில்லை. எரிந்த கட்டடத்தைச் சாட்சியாக அப்படியே விடவேண்டும் என்றும் சிலர் வாதிட்டனர். இக்கட்டுரையாளனுக்கு அவ்வாதம் உடன்பாடன்று: சாட்சியத்திற்காக ஒரு தலைமுறையை வாசிக்கவிடாது வைத்தல், முதலிற் கொடுத்தவர்களின் நோக்கத்துக்கே மாறானது. 2003 பெப்ரவரியில் நடைபெறவிருந்த திறப்புவிழா விடுதலைப் புலிகளின் எதிர்ப்பினால் நின்றது. அறுபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் அக்கொடையை ஏற்ற நகரசபையின் வழிவந்த மாநகரசபையின் உறுப்பினர்கள் அதனையொட்டிப் பதவி விலகினர். பின்னர் நூல்நிலையம் வாசகருக்குத் திறந்துவிடப்பட்டது.