டேப்பில் தங்கிய பாட்டும் கோச்சியில் போன பாட்டும்

1968 மே மாதக் கடைசி. லண்டனுக்குத் தென்மேற்கே ஈஷர் என்ற ஊரில் ஜோர்ஜ் ஹரிசனின் வீடு. பீட்டில்ஸ் குழுவினர் அங்கே கூடி, சாதாரண கிட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் பாட்டுகளைப் பாடிப் பதிவு செய்தார்கள். தயாரிப்பாளர் இல்லை. ஸ்டூடியோ இல்லை. ஜோர்ஜ் வீட்டில் இருந்த நாலு ட்ராக் அம்பெக்ஸ் டேப் மெஷின் மட்டும்தான். அந்த 27 பாட்டுகளைத்தான் இன்றைக்கு ‘ஈஷர் டெமோ’ என்று சொல்கிறார்கள். அவை முழுத் தொகுதியாக, அதிகாரபூர்வமாக வெளிவந்தது 2018ல். நடுவில் ஐம்பது வருஷம்.

டெமோ என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. மாசி மாதம் காமன் கூத்துக்கு முன்னால தோட்டத்தில் ஒத்திகை பார்ப்பாங்களே, அது மாதிரிதான். பாட்டு இன்னும் முடியவில்லை. எந்த வரி நிற்கும், எது போகும் என்று பாடுறவருக்கே தெரியாது. மற்றவர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு முறை பாடி வைப்பது, அவ்வளவுதான். அப்படிப்பட்ட அரைகுறைப் பாட்டை ஐம்பது வருஷம் கழித்து ஏன் உலகமே தேடிக் கேட்குது? அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனால், அது நம்ம மலையகத்துக்கும் வந்து சேருது.

பம்பாய்க்கு ரயிலில் வந்த மெஷின்

கதை ஈஷரில் தொடங்கவில்லை. அதே வருஷம் ஜனவரியில் ஜோர்ஜ் பம்பாய்க்கு வந்தார். ‘வொண்டர்வோல்’ என்ற படத்துக்கு இசை அமைக்க எச்.எம்.வி. ஸ்டூடியோவில் இந்தியக் கலைஞர்களோடு வேலை செய்தார். சரோத்தில் ஆஷிஷ் கான், சந்தூரில் சிவகுமார் சர்மா, புல்லாங்குழலில் ஹரிபிரசாத் சௌராசியா. அப்போது பம்பாய் ஸ்டூடியோவில் மோனோ மெஷின்தான் இருந்தது. கிராமபோன் கம்பெனியின் பாஸ்கர் மேனன் கல்கத்தாவிலிருந்து இரண்டு ட்ராக் ஸ்டீரியோ மெஷின் ஒன்றை ரயிலில் கொண்டுவந்து கொடுத்ததை ஜோர்ஜ் பிறகு நன்றியோடு நினைவுகூர்ந்தார். கேரளாக்காரரான அந்த மேனன்தான் பின்னாளில் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் உலக இசைப் பிரிவுக்கே தலைவரானார்.

அந்தப் பம்பாய் நாட்களில் படத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு பாட்டுக்கும் இசை பதிவானது. லண்டனில் குரல் சேர்த்து, ‘தி இன்னர் லைட்’ என்ற பெயரில் 1968 மார்ச்சில் ‘லேடி மடோனா’ இசைத்தட்டின் மறுபக்கமாக வந்தது. பீட்டில்ஸ் சிங்கிள் ஒன்றில் ஜோர்ஜின் பாட்டு இடம்பிடித்தது அதுதான் முதல் தடவை. 2014ல் ‘வொண்டர்வோல் மியூசிக்’ மறுபடி வெளியானபோது, அதே இசையின் இன்னொரு டேக்கும் வெளியே வந்தது. 46 வருஷம் ஒரு டேப்பில் தூங்கிக்கொண்டிருந்த பம்பாய்ப் புல்லாங்குழலை இப்ப நாம ஃபோனில் கேட்கலாம். அன்றைக்கு அந்த மெஷின் ரயில் ஏறாமல் இருந்திருந்தால்?

ரிஷிகேஷில் பிறந்து, ஈஷரில் பேசிப் பார்த்த பாட்டுகள்

பெப்ரவரியில் நாலு பேரும் ரிஷிகேஷில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்துக்குப் போனார்கள். ரிங்கோ பத்து நாள் அளவில் திரும்பிவிட்டார், பால் ஒரு மாதத்துக்குப் பிறகு கிளம்பினார், ஜோனும் ஜோர்ஜும் ஏப்ரல் வரை இருந்தார்கள். அங்கே மின்சார கிட்டார் இல்லை. கூடவே இருந்த பாடகர் டோனவனிடம் ஜோன் விரலால் மீட்டுகிற முறையைக் கற்றுக்கொண்டார். அந்த விரல் மீட்டல் ஈஷர் டேப்பில் தெளிவாகக் கேட்குது. அந்த வருஷ நவம்பரில் வந்த, ‘வைட் ஆல்பம்’ என்று எல்லோரும் கூப்பிடும் 30 பாட்டு இரட்டை இசைத்தட்டுக்கு வேர் இந்த இடம்தான்.

ஆனால் ஈஷரில் பாடிய எல்லாமே இசைத்தட்டுக்குள் போகவில்லை. சுவாரசியம் அங்கேதான் இருக்கு.

‘சைல்ட் ஆஃப் நேச்சர்’ என்று ஜோன் ஒரு பாட்டுப் பாடினார். ரிஷிகேஷ் போகும் வழியைப் பற்றி, இயற்கையைப் பற்றி. அது வெளிவரவில்லை. மூன்று வருஷம் கழித்து, 1971ல், அதே மெட்டு ‘ஜெலஸ் கை’ ஆகி வந்தது. வரிகள் மொத்தமாக வேறு. ஆசிரமத்து அமைதியைப் பாடிய மெட்டு, ஒரு ஆண் தன் பொறாமையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாட்டாகிவிட்டது. முடிந்த பாட்டை மட்டும் கேட்டிருந்தால் இந்தப் பயணம் நமக்குத் தெரிந்தே இருக்காது.

ஜோர்ஜின் கதை இன்னும் வலிக்கும். ‘நாட் கில்ட்டி’யை ஸ்டூடியோவில் நூறு தடவைக்கு மேல் வாசித்துப் பார்த்தார்கள். கடைசியில் இசைத்தட்டில் இடமில்லை. 1979ல் தன் சொந்த இசைத்தட்டில் அவரே மறுபடி பாடினார். பீட்டில்ஸ் வாசித்த வடிவம் 1996ல் ‘அந்தோலஜி 3’ல்தான் வெளிவந்தது. ‘சார் மில்க் ஸீ’ ஜாக்கி லோமக்ஸ் என்ற பாடகருக்குப் போனது. ‘சர்க்கிள்ஸ்’ 1982 வரை காத்திருந்தது. ஒரு குழுவுக்குள் யாருடைய குரலுக்கு எவ்வளவு இடம் கிடைத்தது என்பதை வெளிவந்த இசைத்தட்டு சொல்லாது. வெளிவராத டேப் சொல்லும்.

டெமோவை ஒரு வரலாற்று ஆவணமாக நாம எடுக்க வேண்டியதும் இதனால்தான். முடிந்த பாட்டில் முடிவு மட்டும்தான் இருக்கும். எதை விட்டார்கள், எதை மாற்றினார்கள், யார் விட்டுக்கொடுத்தார்கள் என்பதெல்லாம் டெமோவில் இருக்கும்.

அலுமாரி செய்த வேலை

இவ்வளவும் நமக்குக் கிடைத்ததற்குத் திறமை மட்டும் காரணம் இல்லை. 1968ல் ஒருத்தர் வீட்டிலேயே நாலு ட்ராக் மெஷின் இருப்பது பெரிய வசதி. பதிவு செய்த டேப்பை யாரோ எறியாமல் வைத்திருந்தார்கள். பிறகு யாரோ எடுத்துக் கேட்டார்கள். 1988ல் தொடங்கிய ‘த லொஸ்ட் லெனன் டேப்ஸ்’ என்ற அமெரிக்க வானொலித் தொடரில் ஜோனிடம் இருந்த டேப்புகளிலிருந்து ஈஷர் பாட்டுகள் சில ஒலிபரப்பாகின. அதிலிருந்து கள்ளப் பிரதிகள் ஊர் ஊராய்ச் சுற்றின. அதுக்குப் பிறகுதான் அந்தோலஜி, அதுக்குப் பிறகுதான் 2018.

‘நவ் அண்ட் தென்’ இதைவிட ஆச்சரியம். எழுபதுகளின் கடைசியில் ஜோன் வீட்டு பியானோவில் கேசட்டில் பாடி வைத்தது. அவர் கொலையான பிறகு, 1994ல் யோகோ ஓனோ அந்தக் கேசட்டுகளைப் பாலிடம் கொடுத்தார். பியானோச் சத்தத்துக்குள் குரல் புதைந்திருந்ததால் வேலை பாதியில் நின்றது. 2023 நவம்பரில், கணினிக்குப் பழக்கிக் குரலைத் தனியே பிரித்தெடுத்து, அதை வெளியிட்டார்கள்.

ஆக மூன்று விஷயம் வேண்டும்: மெஷின், அலுமாரி, திரும்ப எடுத்துக் கேட்கிற ஆள். இந்த மூன்றும் கிடைத்தவர்களின் அரைகுறைப் பாட்டு கூட உலக வரலாறு ஆகுது. கிடைக்காதவர்களின் முழுப் பாட்டும்?

நம்ம பக்கத்து 1968

அதே காலத்தில் இங்கே என்ன நடந்தது? 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை. மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று விட்டார்கள். லயத்தில் ஒரு காம்பராவில் இருந்த குடும்பத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்கு, தம்பி இன்னொரு நாட்டுக்கு. மலையகத்திலிருந்து தலைமன்னார் போகும் ரயிலுக்கு நம்ம ஆட்கள் வைத்த பேர் ‘ஒப்பாரிக் கோச்சி’. ஏறினவங்களும் அழுதாங்க, ஸ்டேஷனில் நின்றவங்களும் அழுதாங்க.

ஒப்பாரி என்பது வெறும் அழுகை இல்லை. அது பாட்டு. மெட்டு இருக்கு, உவமை இருக்கு, யார் யாருக்கு என்ன உறவு என்ற கணக்கு இருக்கு. அந்தந்த நேரத்துக்கு அந்தந்த ஆளுக்காகக் கட்டப்படுவது. டெமோவும் கிடையாது, ரீடேக்கும் கிடையாது. அந்த பிளாட்பாரங்களில் எத்தனையோ பேர் அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டியிருப்பாங்க. கோச்சியின் பேர் நம்மிடம் வந்து சேர்ந்தது. பாட்டு கோச்சியோடயே போய்விட்டது.

எழுத்தில் காப்பாற்றியவர்கள் இருக்கிறார்கள். நம்ம கொத்மலைப் பக்கத்து மடக்கும்பரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாட்டுகளைத் தேடிச் சேர்த்தார். ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983ல் புத்தகமாக வந்தது. அடுத்த வருஷம் அவர் இறந்துபோனார். அதற்கு முன்னாலேயே மீனாட்சி அம்மாள் நடேசய்யர் தொழிலாளர் கூட்டங்களில் பாட்டாகவே அரசியல் பேசினார், 1940ல் அவற்றை அச்சிலும் கொண்டுவந்தார். இந்த இரண்டு பேரும் இல்லையென்றால் நம்மிடம் வரிகள் கூட மிஞ்சியிருக்காது. ஆனால் அச்சில் வரிதான் நிற்கும். எந்த இடத்தில் குரல் உடைஞ்சது, தப்பு எந்த அடியில் நுழைஞ்சது, கொழுந்து பறிக்கிற கையோடு மூச்சு எப்படி ஓடிச்சு — இதையெல்லாம் தாள் சொல்லாது.

கொத்மலைக்கு இதில் இன்னொரு கதையும் உண்டு. மகாவலித் திட்டத்தின் மக்களுக்காக 1981ல் மகாவலி சமூக வானொலி தொடங்கியது. அதன் ஆட்கள் ஊர்களுக்குப் போய்த் தங்கி, மக்களின் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்தார்கள். 1989ல் கொத்மலை சமூக வானொலி வந்தது. பத்து வருஷத்தில், யுனெஸ்கோ உதவியோடு, நேயர்களின் கேள்விக்கு இணையத்தில் பதில் தேடி வானொலியில் சொல்லும் நிகழ்ச்சியும் வந்தது. மைக் ஊருக்குள்ள வரணும் என்பது நாம இப்ப கண்டுபிடித்த யோசனை இல்லை. இந்த மலைக்கு அது பழக்கப்பட்டதுதான்.

நம்ம கையில் இருக்கும் மெஷின்

இன்றைக்கு ஒவ்வொருத்தர் பையிலும் ஒரு ஃபோன் இருக்கு. ஜோர்ஜின் அம்பெக்ஸை விட லேசானது. மெஷின் பிரச்சினை தீர்ந்துவிட்டது. மிச்ச இரண்டும்தான் தீரவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த அப்பாயியின் தாலாட்டு, ஃபோன் மாற்றும்போது காணாமல் போகுது. கல்யாண வீட்டு வீடியோவில் பின்னால் யாரோ நலுங்கு பாடுறாங்க, யார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

செய்யவேண்டியது அதிகமில்லை. முதலில் கேளுங்க: பதிவு செய்யலாமா, மற்றவர்களுக்குப் போட்டுக் காட்டலாமா? வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்க. பதிவின் தொடக்கத்திலேயே பாடுகிறவரின் பேர், தோட்டம், டிவிஷன், தேதியைச் சொல்ல வையுங்க. பாட்டை யாரிடம் கற்றார் என்று கேளுங்க. மறந்து நிறுத்தினால் வெட்டாதீங்க, அந்த நிறுத்தமும் ஆவணம்தான். கோப்பை இரண்டு இடத்தில் வையுங்க. வீட்டில் பழைய கேசட் இருந்தால், பூஞ்சணம் பிடிப்பதற்கு முன்னால் கணினிக்கு மாற்றுங்க. நம்ம மலைக் குளிருக்கும் ஈரத்துக்கும் டேப் நிறைய நாள் தாங்காது.

பீட்டில்ஸின் அரைகுறைப் பாட்டுக்கு ஐம்பது வருஷம் காத்திருக்க முடிந்தது, ஏனென்றால் டேப் காத்திருந்தது. நம்ம பாட்டு இருப்பது எண்பது வயதைத் தொட்ட ஆட்களின் தொண்டையில். அது ஐம்பது வருஷம் காத்திருக்காது.