சாலையில் செல்லும் பாய்மரப் படகு

காரின் பின்னால் கோத்து ஏரிக்கோ கடலுக்கோ இழுத்துச் செல்லலாம். இரண்டு மூன்று இரவுகள் அதிலேயே தங்கலாம். இத்தகைய சிறு பாய்மரப் படகுகள் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் உண்டு. இதில் என்ன விந்தை என்கிறீர்களா? கடலுக்கு வேண்டியது சாலைக்கு ஆகாது, அதுதான் விந்தை.

பக்கவாட்டுக் காற்று பாயில் மோதும்போது படகு நழுவப் பார்க்கும், சாயவும் பார்க்கும். நழுவலைத் தடுக்க நீருக்குள் ஆழமாக இறங்கும் பலகை வேண்டும். சாய்வைத் தடுக்க அடியில் கனம் வேண்டும். படகின் அடியிலுள்ள ஏரா இவ்விரண்டையும் செய்கிறது. ஆனால் ஐந்தடி ஏரா தொங்கும் படகை எந்த வண்டியில் ஏற்றுவது?

ஏராவை மேலே இழுத்துக்கொள்ளும் யோசனை பழையது. ஜான் ஷாங்க் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி 1774இல் பாஸ்டனில் அப்படியொரு படகைக் கட்டினார். அவர் முறைப்படி, ஏறி இறங்கும் மூன்று பலகைகளுடன் 1798இல் கட்டப்பட்ட 'லேடி நெல்சன்' கப்பல், ஆஸ்திரேலியாவின் ஆழமற்ற கரையோரங்களை ஆராய்ந்தது. ஆயினும் பலகை நழுவலைத்தான் தடுக்கும், கனம் தராது.

1969இல் கலிபோர்னியாவில் பிராங்க் பட்லர் வடிவமைத்த 'காட்டலினா 22' பலகைக்குப் பதில் வார்ப்பிரும்பையே தொங்கவிட்டது. சுமார் 250 கிலோ எடையுள்ள இந்த ஏரா, கதவுபோல் ஒரு முனையில் சுழலும். கம்பிவடத்தைச் சுற்றினால் ஐந்தடி ஆழம் இருபது அங்குலமாகக் குறையும். பாய்மரத்தையும் மடக்கிப் படுக்கவைக்கலாம். அகலம் எட்டடிக்குச் சற்றுக் குறைவு. அன்றைய சாலை வரம்பு அது! பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட படகுகள் கட்டப்பட்டன.

ஆனால் இரும்பையும் கார்தானே இழுக்க வேண்டும்? கனத்தை ஏரியிலேயே விட்டுவிட்டு வந்தால் என்ன? 1980களில் ராஜர் மக்கிரெகரின் 26 அடிப் படகு அதைத்தான் செய்தது. சாலையில் அதன் எடை ஏறத்தாழ 750 கிலோ. நீரில் இறக்கி வால்வைத் திறந்தால், அடித்தொட்டியில் 540 கிலோ நீர் புகும். கரையேற்றும்போது தானாக வடிந்துவிடும்.

வகுப்பில் இதைச் சொன்னால் ஒரு மாணவனாவது கையை உயர்த்துவான்: "நீருக்குள் நீருக்கு ஏது சார் எடை?" நல்ல கேள்வி. இரும்பின் அடர்த்தி நீரைப்போல் ஏழு மடங்குக்கு மேல். அது மூழ்கியிருந்தும் கனக்கும். தொட்டி நீரின் எடையையோ மிதப்பு விசை சமன்செய்துவிடுகிறது. ஆனால் படகு சாயும்போது தொட்டியின் ஒரு பக்கம் வெளி நீர்மட்டத்துக்கு மேலே எழும். கிணற்று வாளி நீரை விட்டு வெளியே வந்ததும் கை கனக்கிறதல்லவா? அதேபோல் அந்தப் பக்க நீர் இப்போது கனத்து, படகைக் கீழே இழுத்து நிமிர்த்துகிறது. ஆகவே இப்படகுகள் முதலில் எளிதில் சாயும். பிறகுதான் விறைத்து நிற்கும்.

தொட்டி காலியாக இருந்தால், கவிழ்ந்த படகு நிமிராது. பாதி நிரம்பியிருந்தாலும் ஆபத்தே. நீர் சாய்ந்த பக்கமே ஓடிச் சாய்வை வளர்க்கும். எனவே கரையை விட்டு நகருமுன், தொட்டி விளிம்புவரை நிரம்பியதா என்று மூடியைத் திறந்து பார்த்த பின்னரே பாயை ஏற்ற வேண்டும்.