சோஜிலாப் போர் (1948)

முதல் இந்திய-பாகிஸ்தான் போரின்போது, 1948 நவம்பர் 1 அன்று, காஷ்மீர்ப் பள்ளத்தாக்கிலிருந்து லடாக்குக்கு ஏறும் சோஜிலாக் கணவாயில் இந்தியப் படை கொட்டும் பனியில் நடத்திய தாக்குதல் இது. லடாக்கியில் ‘லா’ என்றால் கணவாய். போடிநாயக்கனூர்ப் பக்கம் அதையே மெட்டு என்பார்கள். போடிமெட்டு சுமார் 1,400 மீட்டர் உயரம், சோஜிலாவோ 3,500 மீட்டருக்கு மேல். அந்தக் கோடையில் பாகிஸ்தான் தரப்புப் படைகள் கணவாய்க்கு அப்பாலுள்ள திராஸையும் கார்கிலையும் பிடித்ததால், ஸ்ரீநகரிலிருந்து லடாக்கின் தலைநகர் லேவுக்குத் தரைவழி அறுந்தது. செப்டம்பரில் இந்தியாவின் 77ஆவது பாராசூட் பிரிகேட், அப்படைகள் பிடித்திருந்த கணவாயைத் தாக்கியது. இருபுறப் பாறைகளிலிருந்தும் பொழிந்த இயந்திரத் துப்பாக்கிச் சூட்டில் முன்னேற முடியவில்லை. பனி முழுதாக இறங்கிவிட்டால் அடுத்த கோடைவரை வழியில்லை. அந்த நெருக்கடியில்தான் தளபதி கே.எஸ். திம்மையா, 7ஆவது குதிரைப்படைப் பிரிவின் ஸ்டூவர்ட் டாங்கிகளை மேலே ஏற்றுவதென்று முடிவெடுத்தார்.

இதை டாங்கிகளின் வெற்றி என்றே பெரும்பாலும் எழுதுகிறார்கள். முதல் பெருமை பாதை போட்டவர்களுக்குச் சேர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. அடிவாரத்துப் பால்தாலிலிருந்து கணவாய்க்கு இருந்தது கோவேறு கழுதைப் பாதை. சுமையேற்றிய கழுதைக்கு அதன் உடல் அகலம் போதும்; வெளிவிளிம்பு சரிந்திருந்தால் மலையை ஒட்டி நடந்துவிடும். சுமார் 15 டன் டாங்கிக்கு அப்படி ஒதுங்க இடம் கிடையாது. உள்பக்கப் பாறையை வெடிவைத்து உடைக்க வேண்டும், பள்ளத்துப் பக்கம் கல்லடுக்கி முட்டுக் கொடுக்க வேண்டும், வளைவு ஒவ்வொன்றையும் வண்டி திரும்பும் அளவுக்கு அகட்ட வேண்டும். செங்குத்துச் சரிவில் இது எத்தனை பாடு என்பது ஏலமலை அறிந்த சேதி: சாலை போடுவது கடினம் என்பதால், டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலையைக் கோட்டகுடிக்கு ரோப்வேயில் இறக்கிய காலம் உண்டு. அந்த வேலையைக் குளிரில், மெலிந்த காற்றில், சில வாரங்களில் முடித்தவர்கள் ‘தம்பிகள்’ என்று ராணுவம் அழைக்கும் மெட்ராஸ் சாப்பர்களின் இரண்டு கம்பெனிகள். 1780இல் சென்னை மாகாணத்தில் தொடங்கிய படையணி அது.

பாதை சுடாது, டாங்கிதானே பதுங்குகுழிகளை உடைத்தது என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் டாங்கிகள் நவம்பரில் புதிதாகப் பிறந்தவை அல்ல. செப்டம்பரில் இல்லாதது அவை ஏறும் வழி. எதிரி திகைத்ததற்கும் அதுவே காரணம்: கழுதைத்தடமாகவே அவன் அறிந்த சரிவில் கவச வண்டி வருமென்று எண்ண இடமில்லை. டர்ரெட்களைக் கழற்றி, ஸ்ரீநகர் வழியே ரகசியமாகக் கொண்டுவந்ததும் அந்தத் திகைப்பைக் காத்தது. இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: டாங்கி முகடுகளைப் பிடித்து வைத்திருக்காது, பனியில் ஏறிப் பிடித்தவர்கள் காலாட்படையினர், பீரங்கிகளும் துணைநின்றன. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவர்களின் துணிவைப் பாதை குறைத்துவிடவில்லை. செப்டம்பரில் பலிக்காத அதே துணிவு நவம்பரில் பலிக்க வழிசெய்தது.

கணவாய் கைக்கு வந்தபின், நவம்பர் நடுவில் திராஸ் மீண்டது. 24ஆம் தேதி லேவிலிருந்து வந்த படையுடன் கார்கிலில் இணைப்பு ஏற்பட்டது. 1949 ஜனவரி 1இல் போர்நிறுத்தம். கனத்த பனியில் இன்றும் அடைபடும் அந்தக் கணவாய்க்குக் கீழே இப்போது சுமார் 13 கி.மீ. சுரங்கப்பாதை குடையப்படுகிறது.