இரு கரைகளும் ஒரு குறியீடும்

1860களில் யாழ்ப்பாணத்தில் வைத்தியர் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலானோர் அறிவியற் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கம் கண்டனர். 1950களில் இலங்கை அரசகரும மொழித் திணைக்களம் தனது சொற்றொகுதிகளை வெளியிட்டது. இரு கரைகளும் தனித்தனியே உழைத்ததால் சொற்களும் பிரிந்தன.

இங்கே நாம் திணிவு என்பதைத் தமிழ்நாட்டார் நிறை என்பர். நமக்கோ நிறை என்பது புவியீர்க்கும் விசை. அவர்களுக்கு அது எடை. நமது வேகம் அங்கே திசைவேகம். நமது கதி அங்கே வேகம். கரைத்தீவில் என் மாணவர் தமிழ்நாட்டு நூலைப் புரட்டினால் தடுமாறுவது இங்கேதான்.

சமன்பாட்டில் மட்டும் பிரிவில்லை. இரு கரையிலும் திணிவு 'எம்', வேகம் 'வி', மின்னோட்டம் 'ஐ'. அந்த 'ஐ' ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தன்று. செறிவைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லினது. ஆகவே குறியீடு எந்த ஒரு மொழிக்கும் சொந்தமில்லை.

ஆனால் குறியீடு மட்டும் போதாது. 'எம்' மீற்றரையும் குறிக்கும். அச்சில் கணியம் சாய்ந்தும் அலகு நிமிர்ந்தும் நிற்கும். கரும்பலகையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். திணிந்திருப்பது என்ற பொருளையும் திணிவு என்ற சொல்தான் பிள்ளைக்குத் தரும்.

எனவே நான் சொல்லுடன் அலகையும் பார்க்கச் சொல்கிறேன். கிலோகிராம் என்றால் திணிவு, நியூட்டன் என்றால் நிறை. நூல் எந்தக் கரையினதாயினும் சரி.