பிளசர் வந்த வழி

புதுக்கோட்டைப் பக்கத்துப் பெரியவர்களிடம் பழைய கார்களைப் பற்றிப் பேச்செடுத்தால் 'பிளசர்' என்ற சொல் தானாக வந்து விழும். "மாப்பிள்ளை வீட்டார் பிளசர்லதான் வந்து இறங்கினாங்க", "பிள்ளைவலி எடுத்ததும் ஒரு பிளசரைப் பிடிச்சுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்" என்பார்கள். மதுரை, ராமநாதபுரம் வட்டாரங்களிலும் இந்த வழக்கு உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு இன்று இது புரியாது.

ஆங்கிலத்தின் 'பிளஷர் கார்' என்பதே இதன் மூலம். மோட்டார் வண்டி புதிதாக வந்த காலத்தில் அதை இரண்டு இனமாகப் பிரித்தார்கள். சரக்கோ கூலிக்கு ஆளோ ஏற்றிச் சம்பாதிப்பது ஓர் இனம். சொந்தக்காரர் குடும்பத்தோடு ஏறிப் போவது மற்றோர் இனம். பின்னதுதான் பிளஷர் கார். டிரெஷரி நம் வாயில் டிரசரி ஆனதுபோல பிளஷர் பிளசர் ஆயிற்று. அப்புறம் 'கார்' உதிர்ந்து, அடைமொழியே பெயராக நின்றுவிட்டது.

இந்தப் பிரிவினை புதுக்கோட்டைக்குத் தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. திருச்சியிலிருந்து இங்கே ரயில் வந்தது 1929-இல்தான். அதற்கு வெகுமுன்பே, 1910-களின் தொடக்கத்தில், தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே டி.வி.சுந்தரம் ஐயங்கார் மோட்டார் பஸ் ஓட்டினார். புதுக்கோட்டைத் தொண்டைமான் சமஸ்தானத்து மக்களில் பலர் ரயிலுக்கு முன்னால் பார்த்தது பஸ்ஸைத்தான். காசு கொடுத்தால் யாரும் ஏறலாம் என்ற பஸ்ஸிலிருந்து, யாரும் ஏறிவிட முடியாத வண்டியைப் பிரித்துச் சொல்ல ஒரு பெயர் வேண்டியிருந்தது.

அந்தப் பிளசரில் ஏறியவர்களில் வணிகச் சமூகத்தாரான நகரத்தார் முக்கியமானவர்கள். ராயவரம், கோனாபட்டு, நச்சாந்துபட்டி, அரிமளம் வீடுகளுக்குப் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொண்டுவிற்ற பணம் வந்தது. ஆஸ்டின், மோரிஸ், ஹில்மன், வாக்ஸால் என்று பிரிட்டிஷ் வண்டிகளும், ஃபோர்டு, செவர்லே என்று அமெரிக்க வண்டிகளும் செம்மண் சாலைகளில் ஓடின. 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த வருமானம் நின்றது. 1950-களில் வெளிநாட்டுக் கார்கள் இறக்குமதியாவதும் இறுகியது. புது வண்டி வாங்க வழியில்லாததால் பழையதையே பழுதுபார்த்து ஓட்ட வேண்டியதாயிற்று. ஓட்டியவர்களில் பலர் வாடகைக்கு ஓட்டினார்கள். கூலிக்கு ஓடாத வண்டிக்கு இட்ட பெயர் இப்படி வாடகைக் காருக்கு வந்து சேர்ந்தது. பெரியவர்கள் 'பிடிச்சுப்' போனதாகச் சொல்வது இந்தப் பிளசரைத்தான். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வார்ப்பாக 1957-இல் வந்த அம்பாசடரையும் அதே பெயரால் அழைத்தார்கள்.

ஆங்கிலமோ இந்தச் சொல்லை முன்பே கைகழுவியிருந்தது. முதல் உலகப் போரின்போது பெட்ரோலுக்கும் இரும்புக்கும் நெருக்கடி வந்தது. 'இன்ப வண்டி' என்ற பெயர் ஊதாரித்தனமாக ஒலிப்பதாக அஞ்சிய அமெரிக்க உற்பத்தியாளர்கள் 'பாசஞ்சர் கார்' என்று மாற்றிக்கொண்டார்கள். பிரிட்டனின் வாகனக் காப்பீட்டுப் பத்திரங்களில் மட்டும் 'சமூக, வீட்டு, பிளஷர் உபயோகம்' என்ற வாசகமாக அது இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தமிழில் அது இன்னொரு உருவிலும் வாழ்கிறது. காருக்குத் தனித்தமிழில் 'மகிழுந்து' என்கிறோம். பேருந்து பெரியது, சரக்குந்து சரக்கேற்றுவது. காருக்கு மட்டும் 'மகிழ்' ஏன்? பிளஷர் காரை நேராகத் தமிழாக்கினால் கிடைப்பது மகிழுந்துதான். பிளசரை நாட்டுப்புறக் கொச்சை என்று ஒதுக்குகிறவர்கள், அதையே வேட்டி கட்டிவிட்டு மேடையேற்றியிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது.

இன்பத்துக்கென்றே ஓடும் கார் ஐரோப்பாவிலோ வேறு பெயர் எடுத்தது. ஆங்கிலேயச் சீமான் வீட்டுப் பிள்ளைகள் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவைச் சுற்றிவந்த நெடும்பயணம் 'கிராண்ட் டூர்'. இத்தாலியர் அதை 'கிரான் டூரிஸ்மோ' ஆக்கித் தம் கார்களுக்குச் சூட்ட, பின்னர் பிரிட்டிஷ் கம்பெனிகள் 'கிராண்ட் டூரர்' என்று திரும்ப வாங்கிக்கொண்டன. அவற்றில் அரியது 1964-இல் வந்த கோர்டன்-கீபிள். இத்தாலிய வடிவமைப்பு, அமெரிக்க எஞ்சின், ஃபைபர் கிளாஸ் உடல். மொத்தம் சுமார் 100 வண்டிகளே. அதன் சின்னம் ஓர் ஆமை. ஆமை புகுந்த வீடு என்று நம்மவர்கள் சொல்வது பொய்க்கவில்லை: அடக்க விலையைவிடக் குறைத்து விற்ற கம்பெனி 1965-இல் திவாலானது. இன்று அதில் ஒன்று விற்பனைக்கு வந்தால் உலகெங்கும் சேகரிப்பாளர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

புதுக்கோட்டையில் ஒரு பழைய ஆஸ்டின் விலைக்கு வந்தால், வாங்குகிறவர் 2021-இன் மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தைப் படித்துவிட வேண்டும். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேசிஸும் உடலும் எஞ்சினும் பெரிதாக மாறாத வண்டியை 'விண்டேஜ்' என்று பதியலாம். புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். எண் பலகையில் 'விஏ' எழுத்துகள் வரும். கைமாறினால் 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். கண்காட்சி, பேரணி, ஆய்வு, பெட்ரோல், பராமரிப்பு ஆகியவற்றுக்கே ரோட்டில் எடுக்கலாம். அப்படிப் பதிந்த பிறகு கல்யாணத்துக்கு வாடகைக்கு விடச் சட்டத்தில் இடமில்லை. 'பிளஷர் கார்' என்ற பெயருக்குள் நூறாண்டுக்கு முன்பே இருந்த நிபந்தனையும் இதுதான்.