உறுதியும் நொத்தாரிசு ஒப்பமும்

நிலமே வாழ்வின் வேராய் அமைந்த யாழ்ப்பாணத்தில் காணிப் பத்திரத்துக்கு "உறுதி" என்று பெயர். மருதனார்மடத்துச் செம்மண் தோட்டமாயினும் கிணற்றுப் பங்காயினும், உரிமை கைமாறுங்கால் மக்கள் நாடுவது நொத்தாரிசையே. அவருடைய ஒப்பம் தருவது யாது, தாராதது யாது என ஆராய்தல் தகும்.

ஒல்லாந்தர் காலத்தில், தேசாதிபதி சைமன்சின் கட்டளைப்படி, திசாவை கிளாஸ் ஐசாக்சு தேசவழமையை 1707 இல் தொகுத்தளித்தார். காணி விற்க விரும்புவோர் தம் எண்ணத்தை அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் அறிவிக்க வேண்டுமென அது விதித்தது. உரித்தாளரும் பங்காளரும் அயலவரும் தம் முன்னுரிமையைக் கோருதற்கு அஃது இடமளித்தது. ஊரறிதலே அக்காலக் காவல் எனலாம். ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் தேசவழமைக்குச் சட்டவலு அளித்தனர்.

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச்சட்டம் பெருமாற்றம் விளைத்தது. காணியின் விற்பனையும் ஈடும் எழுத்தில் அமைந்து, நொத்தாரிசும் இரண்டுக்குக் குறையாத சாட்சிகளும் ஒருங்கே இருக்க ஒப்பமிடப்பட்டு, அவர்களால் அத்தாட்சிப்படுத்தப்பட்டாலன்றிச் செல்லா என அது விதித்தது. ஆதலின் ஊர் முழுதும் அறிந்த வாய்ச்சொல் விற்பனையும் சட்டத்தின்முன் வலுவற்றதாயிற்று.

எனினும், நொத்தாரிசின் அத்தாட்சி, ஒப்பமிட்டவர் இன்னார், ஒப்பமிட்டது இன்ன நாளில், இன்ன சாட்சிகள் முன்னிலையில் என்பதற்கே சான்றாகும். விற்றவருக்குக் காணியில் உரிமை உண்டென்பதை அது நிறுவாது. தனக்கில்லாத உரித்தைப் பிறர்க்கு ஈதல் எவர்க்கும் இயலாது. ஆகவே முன்னுறுதிகளையும் காணிப்பதிவேட்டையும் ஆராயாது வாங்குபவர், ஒப்பம் எத்துணைச் செம்மையாயிருப்பினும் ஏமாறக்கூடும். மறுபுறம், நொத்தாரிசு தம் கடமையில் தவறினார் என்பது மட்டுமே காரணமாக உறுதி செல்லாததாகி விடாது. 1907 ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச்சட்டம் மக்களுக்கு அப்பாதுகாப்பை வழங்கியுள்ளது.

அச்சட்டம் வகுத்த மற்றொரு முறையும் போற்றத்தக்கது. மூலவுறுதி உரியவரிடம் சேரும். ஒரு பிரதி நொத்தாரிசிடம் தங்கும். இன்னொன்று காணிப்பதிவாளரை அடையும். 1995 ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் ஒருங்கே இடம்பெயர்ந்த காலை, வீட்டில் விட்டுச்சென்ற உறுதிகள் பல அழிந்தன. தாள் அழிந்தமையால் உரிமை அழிந்துவிடவில்லை. பதிவகத்துப் பிரதி எஞ்சியவிடத்து அதனைக் கொண்டு உரிமையை நிலைநாட்ட வழியிருந்தது.

அன்று ஊரார் நினைவு காத்த உரிமையை இன்று பதிவேடு காக்கின்றது. உறுதியை வாசித்தறிந்து ஒப்பமிடுதலும், அதன் இலக்கத்தையும் நாளையும் குறித்துவைத்தலும் ஒவ்வொரு குடும்பத்தின் கடமையாகும்.