நாவின் புண்ணும் குருதியின் சாட்சியும்

பூன் லே என்னும் பெயர் சூ பூன் லே (1852–1933) என்ற வணிகரின் நினைவாக வழங்குவது. ஜூரோங் வட்டாரத்தில் அவர் பயிரிட்டவற்றுள் காம்பியரும் ஒன்று. அதன் இலையைக் காய்ச்சி எடுத்த சாறு பெரும்பாலும் தோல் பதனிடவே கப்பலேறியது. எனினும் மலாய் உலகில் தாம்பூலத்திலும், நம் காசுக்கட்டியைப் போல, அது சேர்க்கப்பட்டது. ஆதலால் தாம்பூலத்தின் கதையை இங்கிருந்தே தொடங்கலாம்.

அக்கதையின் கசப்பான ஏடு நெய்யூரில் எழுதப்பட்டது. அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த அவ்வூர் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. அங்கு மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய பென்டால், 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றிய சுருக்கத்தை 1908இல் வெளியிட்டார். 1933இல் ஆர் என்னும் மருத்துவர், வாய்ப்புற்றுக்கும் தாம்பூலத்துக்கும் உள்ள தொடர்பை, குறிப்பாக அதனோடு மெல்லப்படும் புகையிலையின் பங்கை, எடுத்துரைத்தார். புகையிலை சேராத பாக்கே தீங்கானது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகவை அறிவிக்க 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மங்கலப் பொருளைக் குற்றவாளியாக்க எவர்க்கும் எளிதில் மனம் வருவதில்லை போலும்!

சிங்கப்பூரில் பேராசிரியர் சண்முகரத்னம் நிறுவிய புற்றுநோய்ப் பதிவகம் 1968 முதல் நோயாளிகளை இனவாரியாகப் பதிவுசெய்தது. வாய்ப்புற்று இந்தியரிடையே மிகுந்திருந்ததை அப்பதிவுகள் காட்டின. யாரை நோய் பற்றும் என்பதற்கு அவை விடை தந்தன. பற்றியவருள் யார் பிழைப்பார் என்பது வேறு வினா.

அவ்வினாவின் வேர் ஜெர்மனியில் உள்ளது. கட்டிகளுக்குள் வெள்ளணுக்கள் குழுமியிருப்பதைக் கண்ட விர்ச்சோ, அழற்சிக்கும் புற்றுக்கும் உறவுண்டு என 1863இல் கருதினார். 1930இல் நியூயார்க்கில் டில்லெட்டும் பிரான்சிஸும் நிமோனியா நோயாளிகளின் குருதியில் ஒரு புதிய பொருளைக் கண்டனர். அதுவே இன்று சி-வினைப் புரதம் எனப்படுவது. உடலில் அழற்சி மூண்டால் கல்லீரல் அதைப் பெருக்குகிறது. அப்போது அல்புமின் என்னும் மற்றொரு புரதம் குறைகிறது. நாப்புற்று நோயாளிகளிடம் முன்னது உயர்ந்தும் பின்னது தாழ்ந்தும் இருப்பின், நோய் மீளவும் ஆயுள் குறுகவும் வாய்ப்பு மிகுதி என்று பல ஆய்வுகள் கூறுகின்றன. நியூட்ரோபில், லிம்போசைட் என்னும் வெள்ளணுக்களின் விகிதமும் இவ்வாறே நோக்கப்படுகிறது.

எனினும் இச்சாட்சி குறுக்கு விசாரணைக்கு உரியது. ஈறு வீக்கமும் சீழ்ப் பல்லும் கூட அப்புரதத்தை உயர்த்தும். நெடுநாள் தாம்பூலம் தரித்தவர் வாயில் இவை அரிதல்ல. 2018இல் நடைமுறைக்கு வந்த நிலைப்பகுப்பில், கட்டி நாவின் தசைக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியுள்ளது என்னும் அளவு புதிதாகச் சேர்க்கப்பட்டது. கழுத்து நிணநீர்க் கணுக்கள் முன்பே இருந்தன. குருதிப் புரதம் எதுவும் அதில் இடம்பெறவில்லை.